மருதனின் மானமும் காற்றுச் சட்டையும்

மருதன் என்கிற குதிரைக்கு அதன் எடையைவிட ரோஷம் அதிகம். ஒன்பது வருஷமாக அது தாண்டாத தடையும் இல்லை, அதன் முதுகிலிருந்து விழுந்த ஆளும் இல்லை.

தடை தாண்டும் போட்டிக்கு முந்தின நாள், சவாரி செய்யும் குமுதவல்லி இரண்டு பாதுகாப்புச் சட்டைகளை வேலியில் தொங்கவிட்டு யோசித்தாள். ஒன்று ஸ்பாஞ்சு அடைத்த கனமான சட்டை. மற்றது உள்ளே காற்றுக் குப்பி வைத்த மெலிசு.

"என் கயிற்றைச் சேணத்துல மாட்டணும். அவங்க விழுந்தா கயிறு இழுபடும், நான் பலூன் மாதிரி ஊதிக்குவேன்," என்று பெருமையடித்தது மெலிசு.

"விழுந்தாவா? என் முதுகிலேருந்தா? போடா ஒட்டடை!" என்று சீறிய மருதன், கனமான சட்டையை மூக்கால் தள்ளிக் காட்டியது. குமுதவல்லி மெலிசானதையே எடுத்தாள்.

மறுநாள் மருதன் ஒரு கம்பையும் தட்டாமல் பறந்தது. முதல் பரிசு! சந்தோஷத்தில் குமுதவல்லி கயிற்றைக் கழற்ற மறந்து கீழே குதித்தாள். டமார்! சட்டை பூசணிக்காயாய் உப்பியது.

மற்ற குதிரைகள் சிரித்தன. "என்ன மருதா, தள்ளி விட்டுட்டியா?"

"அவ இறங்கினாடா!" என்று கத்திவிட்டு மருதன் சட்டையைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. "மானத்தை வாங்கிட்டியே!"

"விழுந்தாங்களா இறங்கினாங்களான்னு நான் விசாரிச்சுக்கிட்டு நின்னா, தரை முந்திக்கும் அண்ணே," என்றது சட்டை.

மருதன் கொஞ்சம் யோசித்தது. பிறகு கழுத்தை நிமிர்த்தி மைதானமே கேட்கக் கனைத்தது: "எங்க வீட்டுச் சட்டைடா! இறங்கினதுக்கே இப்படின்னா, விழுந்தா எப்படின்னு பாத்துக்குங்க!"