உள்ளே மடித்த துணி

மாலைக் கல்லூரியில் ஆறு மணிக்கு இடைவேளை. ஜெராக்ஸ் கடை வேலையிலிருந்து நான் பசியோடு நேராக வருவேன் என்று, தையல் கடைக்குப் போகும் மரியபுஷ்பம் இருவருக்குமாகச் சோறு கட்டிக்கொண்டு வருவாள். ஜூனில் சேர்ந்தேன், ஜனவரிக்குள் ஏழு கிலோ கூடிவிட்டது. மாதாமாதம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், தவறாக இருக்காது. சுடிதார் இறுக்கும்போதெல்லாம் அவளே பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டுத் தைத்துத் தருவாள். வெளுக்காத அந்தத் துணி இரண்டு விலாவிலும் அடர்நீலக் கோடாகத் தெரியும்.

மூன்றாம் தடவை, வகுப்பில் எல்லோரும் இருக்கும்போதே தையலைப் புரட்டிப் பார்த்தாள்.

"இனி விடுறதுக்கு உள்ள துணி இல்லட்டி."

"ரெண்டு சுடிதார ஒண்ணாச் சேத்துத் தச்சிரு பிள்ள" என்றாள் பின் பெஞ்சுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள், புஷ்பமும்.

"நீ திங்க வச்சுத்தான் இப்படி ஆனேன். இனி எனக்குச் சோறு கொண்டு வராத" என்றேன் அவளிடம்.

மறுநாள் அவள் முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். கோபத்தில் சொன்னேனா, மனதில் இருந்ததைத்தான் சொன்னேனா என்று அதே நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தேன், தெரியவில்லை. இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கிவிட்டது.

இன்று படிக்கட்டில் எதிரே வந்தவள் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் தொளதொளத்த துணியை இரண்டு விரலால் பிடித்து, எவ்வளவு என்று பார்த்தாள்.

"சாயங்காலம் என்னட்டி திங்குத?"

"வீட்லருந்து கொண்டாறேன்" என்று பொய் சொன்னேன்.

மணி அடித்த பிறகும் அவள் துணியை விடவில்லை.