இடுப்புத் தையல்

நூல் உருகியது.

டீக்கடை அடுப்போரம் பையை வைத்தாள், அவ்வளவுதான். அறுந்த பைக்காதில் நேற்று மதியம் அவள் சுற்றிக் கட்டிய நூல். அதன் நுனி தீப்பக்கம் தொங்கி, கண்மூடித் திறப்பதற்குள் சுருண்டு ஏறியது.

நுனியில் கடுகளவு ஒரு கருப்பு மணி.

தொட்டாள். சுட்டது. கெட்டியாக இருந்தது.

உருகக் கூடாத நூல் அது. தீயில் காட்டினால் கருகும், உதிரும். உருகி மணியாவது பள்ளிச் சீருடை தைக்கிற சாதா நூல்தான்.

கம்பெனியில் பக்கத்துத் தையல் லைனில் சீருடைதான் ஓடுகிறது. அந்த நூலும் இதே கருநீலம்.

நேற்று சாப்பாட்டு மணி முடிந்து உட்கார்ந்ததும் அவள் மெஷினில் நூல் தீர்ந்தது. எழுந்துபோய் ரேக்கிலிருந்து ஒரு நூல் கோனை எடுத்து மாட்டினாள். தீக்காப்பு நூல் என்றால் கோனின் அடியில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். கவிழ்த்துப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். மாட்டும்போதே பைக்காதுக்கும் ஒரு முழம் வெட்டிக்கொண்டாள்.

கவிழ்த்துப் பார்த்தாளா?

இல்லை. பதினோரு வருஷத்துக் கை, அதற்குத் தெரியாதா என்கிற திமிர். வேறென்ன?

டீயை அப்படியே வைத்தாள்.

மதியத்துக்கு மேல் ஐம்பத்து நாலு உருப்படி. எல்லாம் ஏதோ ஓர் இரும்பு உருக்கும் ஆலைக்குப் போகிறவை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இடுப்பில் மூட்டுவது அவள் வேலை. துணி தீயைத் தாங்கும். தோளிலும் முதுகிலும் மின்னுகிற பட்டையும் தாங்கும்.

இடுப்பு தாங்காது. அங்கே உடுப்பு இரண்டாகப் பிரியும். உள்ளே இருக்கிறவன் வயிறு...

மேலே நினைக்க முடியவில்லை.

சோதனைக்கு எடுத்துப் போனது நேற்றுக் காலையில் தைத்த உடுப்பு. அது தேறிவிட்டது. பெட்டிகள் ஒட்டியாயிற்று. எட்டரைக்கு லாரி.

யாருக்கும் தெரியாது. தீப்பட்டால்தானே தெரியும்? எல்லாருக்குமா தீப்படுகிறது?

அப்படியும் ஒரு நினைப்பு வந்தது. வராமல் இருக்குமா? போன மாதம் இதே தவறுக்கு மூன்றாம் லைன் பெண்ணை நின்ற நிலையில் வேலையை விட்டு அனுப்பினார்கள். இவள் வீட்டிலும் வேலைக்குப் போகிறவள் இவள் ஒருத்திதான்.

அப்போதுதான் குட்டை மாமா ஞாபகம் வந்தார்.

அவரை யாரும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் அந்த ஆலையின் ஆர்டரில் ஒரே ஒரு தனி அளவு வரும். மார்பு ஐம்பது, கால் இருபத்தாறு. வேறு எவனுக்கும் சேராத அளவு. லைன் பெண்கள் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் உடுப்பு கைமாறி வரும்போது ஒரே சிரிப்பாக இருக்கும்.

"மாமா வர்றாருடி, வழி விடுங்க!"

இந்த வருஷம் இடுப்பு எலாஸ்டிக் மூன்று அங்குலம் குறைத்து வந்தது.

மனுஷனுக்கு உடம்புக்கு என்னவோ என்று யாரும் சிரிக்கவில்லை.

நேற்று நாலு மணி வாக்கில் அவரை மூட்டியது அவள்தான்.

ஓடினாள்.

லாரியில் பாதிப் பெட்டி ஏறியிருந்தது. சூப்பர்வைசர் சாமியப்பன் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பைக்காதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இறக்கச் சொல்லுங்க சார். நேத்து மத்தியானத்துக்கு மேல இடுப்பு பூராவும் சாதா நூலு. நாந்தானுங்க பாக்காம மாட்டிட்டேன்."

அவர் மணியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார்.

"தெய்வானக்கா, இதச் சொன்னா உங்களுக்கு என்னாகும்னு தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க."

பெட்டிகள் இறங்கின.

பகல் முழுக்கப் பிரித்தாள். அவள் மெஷினில் வேறொருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். இவள் பிரித்துக் கொடுக்க, அவள் மூட்டினாள்.

நாலு மணிக்கு ஆபீசில் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் ஆகவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

திரும்பி வந்தபோது ஒரே ஓர் உடுப்பு மீதமிருந்தது. மார்பு ஐம்பது, கால் இருபத்தாறு.

"இத மட்டும் நான் முடிச்சுட்டுப் போறேன், கண்ணு."

அந்தப் பெண் சட்டென்று எழுந்து இடம் விட்டாள்.

தெய்வானை கோனைக் கழற்றினாள். கவிழ்த்துப் பார்த்தாள். சிவப்பு. மறுபடி மாட்டினாள்.

பிரித்த எலாஸ்டிக்கை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றைச் சீட்டில் இருந்த அளவுக்கு அளந்தாள். கத்தரி வைக்க வேண்டிய இடத்தில் வைக்கவில்லை. மூன்று அங்குலம் கூட விட்டு, மிச்சத்தை உள்ளே மடித்து மூட்டினாள். மனுஷன் தேறி வந்தால் பிரித்து விட்டுக்கொள்ளட்டும். அடுத்த வருஷம் அவர் அளவு என்னவென்று பார்க்க இவள் இங்கே இருக்கப்போவதில்லை.

கடைசித் தையல் போட்டாள். எழுந்தாள்.

மறுபடி உட்கார்ந்தாள்.

பிரிக்கிறவன் எந்த நூலில் தைப்பான்?

காலடியில் கிடந்த காலிக் கோனிலிருந்து சிவப்புக் காகிதத்தை உரித்தாள். மெஷின் நூலை இழுத்து, அந்தக் காகிதத்தில் இருபது சுற்றுச் சுற்றினாள். குட்டை மாமாவின் மார்புப் பையில் வைத்து, மூடியை அழுத்தி விட்டாள்.