வீங்கியிருக்கிறதா?

அடிவாரத்தில் வாங்கிய மாலை, பஸ் மலையேறி முடிப்பதற்குள் வாடிவிட்டது. அதைக் கையில் பிடித்தபடி, வாசலில் சேறு காயாமல் கிடந்த பெரிய செருப்புகளைத் தாண்டி அந்த எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தான் ராஜேந்திரன்.

"போட்டோ ஏதும் இல்லீங்க," என்றாள் பொன்னாயி. "மாலைய அப்படியே வெச்சிருங்க."

டாக்டரைப் போலவே யோசிக்கும் என்று அவன் வேலை செய்யும் கம்பெனி விற்ற கம்ப்யூட்டர் புரோகிராம், அவன் எழுதியது. பாம்பு கடித்து வந்தவரை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு அல்லது வீட்டுக்கு அனுப்பு என்று அது சொல்லும். பொன்னாயியின் கணவன் மாரிசாமியை வீட்டுக்கு அனுப்பியது. ஆள் செத்துவிட்டதாக எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நேற்று போன் செய்திருந்தார்.

"அது என்னக்கா கேட்டுச்சு?"

"வீங்கியிருக்குதான்னு கேட்டுச்சுங்க. இல்லைன்னோம். பயமில்லை, ஊட்டுக்குப் போன்னிருச்சு."

"கண்ணைப் பத்தி?"

"ஒண்ணும் கேக்கலீங்க. வந்து படுத்தவருக்கு இமை நிக்கல. பேச்சும் நொம்பக் கொளறிப் போச்சு."

ராஜேந்திரன் அசந்துபோய் உட்கார்ந்தான். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீங்காது; இமைதான் சரியும். இமையைப் பற்றிய கேள்வியும் புரோகிராமில் உண்டு. ஆனால் வீக்கம் இல்லை என்றவனை முதல் பிரிவிலேயே அது வேறு பாதையில் திருப்பிவிடும். அந்தக் கேள்வி வரை அவன் போய்ச் சேரவே மாட்டான்.

காப்பிப் பழம் பறிக்கிற காலம். எல்லா எஸ்டேட்டிலும் இதே புரோகிராம்தான்.

ரைட்டர் ஆபீசுக்குப் போய் ஒவ்வொரு எஸ்டேட்டாகப் போன் செய்தான். "நான் மாத்தற வரைக்கும் கம்ப்யூட்டரைக் கேக்காதீங்க. பாம்பு கடின்னா நேரா சேலம்."

திரும்பி வந்து பொன்னாயியிடம் சொன்னான்: "இனி யாருக்கும் இப்படி ஆகாதுக்கா. ஆனா உங்க வீட்டுக்காரரை..."

"காப்பி குடிச்சிட்டுப் போங்க."

பின்கட்டிலிருந்து ஒருவர் டம்ளரோடு வந்தார். காலில் அதே சேற்றுச் செருப்பு.

"நாந்தானுங்க மாரிசாமி," என்றார் கூச்சத்தோடு. "மெஷின் பேச்சக் கேக்காம இவதான் என்னைய சேலத்துக்குத் தூக்கிட்டுப் போனா."

ராஜேந்திரன் டம்ளரை வாங்கவில்லை. "அப்புறம் எதுக்குக்கா செத்துட்டாருன்னு ரைட்டரைச் சொல்ல வெச்சீங்க?"

"ஏனுங்க, பொழச்சிட்டாருன்னு போன் பண்ணுனப்ப ஒருத்தரும் வரலீங்களே."