கண்ணை மூடிக் குதித்த மாஸ்டர்

குளத்துத் தவளைக் குஞ்சுகளுக்கெல்லாம் குதிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு கிழட்டுத் தவளை. எல்லோரும் அதை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் கரையில் ஒரு வெட்டுக்கிளியும் குதிக்கக் கற்றுக்கொடுக்க வகுப்பு ஆரம்பித்தது. குஞ்சுகள் அதையும் மாஸ்டர் என்றபோது தவளைக்கு வயிறு பற்றி எரிந்தது.

"என் வாய்க்குள் அடங்குகிற பயல், மாஸ்டராம்" என்று கறுவிக்கொண்டு, அதை விழுங்கிவிடவே வகுப்புக்கு நடுவில் எகிறிக் குதித்தது. குறி தப்பிச் சேற்றில் விழுந்தது.

வெட்டுக்கிளி நகரக்கூட இல்லை. "குதிக்கும்போது கண்ணை மூடிக்கிறீங்க மாஸ்டர். திறந்து வச்சுக்கிட்டுக் குதிச்சுப் பாருங்க."

"எனக்கே பாடமா?" என்று முறைத்துவிட்டுத் தவளை போய்விட்டது. யாரும் இல்லாத புதர்ப் பக்கம் நின்று, கண்ணைத் திறந்தபடி ஒரு குதி குதித்தது. இத்தனை வருஷமாகக் குதித்த குளம், கீழே பச்சைப்பசேலென்று விரிந்து கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தது.

வெட்டுக்கிளியை நாளைக்கு விழுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தது. மறுநாளும் அதையேதான் நினைத்தது, வகுப்பின் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு. பக்கத்துக் குஞ்சு குதித்ததைப் பார்த்து வெட்டுக்கிளி "அருமை" என்றதும் தவளைக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

"என்னுதையும் கொஞ்சம் பாருங்க, மாஸ்டர்" என்றது.