கத்தாத வெள்ளாடு

காட்டோடையின் மேல் விலங்குகள் கொடிப்பாலம் கட்டின. யார் வேண்டுமானாலும் வந்து ஒரு கொடி கட்டலாம். கட்டியதும் வெள்ளாடு ஏறிக் குதித்துப் பார்க்கும். முடிச்சு இளகினால் கத்தும். கடைசிக் கொடியைக் கட்டியவர்தான் பாலத்தில் முதலில் நடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

குரங்கு எதைக் கட்டினாலும் ஆடு கத்தியது. குரங்குக்கு அலுத்துப்போய்விட்டது. கடைசிக் கொடியைக் கட்டிய கையோடு, ஆட்டின் வாய் நிறையப் பலா இலையைத் திணித்தது. ஆடு குதித்தது, மென்றது, கத்தவில்லை.

"பாத்தீங்களா, ஒரு சத்தம் இல்ல. பாலம் தயார்" என்றது குரங்கு.

"அப்ப நட தம்பி, பின்னாடியே வர்றோம்" என்றது ஆமை.

பாலத்தில் ஒரு காலை வைத்த குரங்கு, கீழே ஓடையைப் பார்த்தது. மெல்லத் திரும்பி வந்து ஆட்டின் காதருகே குனிந்தது.

"அக்கா, வாயைக் காலி பண்ணிட்டு இன்னொரு தரம் குதிங்க. கத்தணும்னா தாராளமா கத்துங்க."