கண்ணீர் வரவழைத்த ருசி

சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து, ஐஸ்கிரீம் கம்பெனியில் ருசி பார்ப்பவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பகையாகிவிட்டது. "கூச்சம் போகப் போகச் சரியாயிடும்" என்றார் டாக்டர். வெளியே தெரிந்தால் வேலைக்கே உலை என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று புது ஐஸ்கிரீமைத் தேர்ந்தெடுக்க முதலாளியே எதிரில் வந்து உட்கார்ந்தார். ஒரு கரண்டி வாயில் போட்டதுதான் தாமதம், கூச்சம் உச்சந்தலைக்கு ஏறி, அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"எப்படிம்மா இருக்கு?"

"வார்த்தையே வரல, சார்."

முதலாளியும் ஒரு வாய் சாப்பிட்டார். அவர் கண்ணும் கலங்கியது.

"நாளைக்கே கடைக்கு அனுப்புங்க."

அதைத் தயாரித்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்த மாஸ்டர் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வெளியே ஓடினார்.

கதவு சாத்தியதும் முதலாளி கன்னத்தைப் பொத்திக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"உனக்கு எந்தப் பக்கத்துப் பல்லும்மா?"