காப்பு கட்டியாச்சு

“காப்பு கட்டியாச்சுங்க. இனி திருவிழா முடியற வரைக்கும் புள்ள ஊர் எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது.”

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வேணி இப்படிச் சொன்னதும் அறிவரசனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. விவாகரத்து ஆனதிலிருந்து மகளை ஒப்படைப்பதும் வாங்கிக்கொள்வதும் இந்தப் பெஞ்சில்தான். மே மாதத்தின் பின்பாதி அவனுடையது. அதற்காக ஆலையில் லீவு சொல்லி, பெரம்பலூர் பக்கம் எறையூரில் இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடித்து, மகளுக்குப் புது சைக்கிள்கூட வாங்கி வைத்திருந்தான். அவளோ பையில்லாமல் வந்து நிற்கிறாள்.

பன்னிரண்டு வயது தமிழ்மொழி அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு.

“எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதானே?”

“சத்தியமா இல்லங்க. நேத்து எங்க செந்துறைக் கோயில்ல காப்பு கட்டினாங்க. நான் அடுப்படியில இருந்தேன், இவளே போயி கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் நேர்ல கூட்டியாந்தேன். எங்கப்பா பேர்ல சாமிக்கு இதுதான் மொதல் மண்டகப்படி, நாள மாத்திக்கலாம்னு போன மாசமே கேட்டேன். ஒரு நாள்கூட விட மாட்டேன்னுட்டீங்க.”

“இப்பவும் விட மாட்டேன். கயித்த அவுத்துட்டு அனுப்பு.”

வேணி பதறிவிட்டாள்.

“சாமி காரியங்க. வாயில வரலாமா அந்தப் பேச்சு? ரெண்டு வருஷம் முன்னாடி, எறையூர்ல காப்பு கட்டிட்டாங்க, பத்து நாள் கழிச்சுத்தான் அனுப்புவேன்னு சொன்னீங்க. நான் ஏதாவது கேட்டேனா? அந்தப் பத்து நாள்லதான் எங்கப்பா போய்ச் சேர்ந்தாரு. காப்பு கட்டின புள்ள சாவு வூட்டுக்கு வரக் கூடாது, அனுப்பாதீங்கன்னு நானே சொன்னேன். கடைசி வரைக்கும் பேத்தி பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

அன்றைக்கு அனுப்பியிருக்கலாம் என்று அவன் நினைக்காத நாளே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேணி தண்ணீர் வாங்கப் போனாள். அவன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

“அப்பாகூட வரப் பிடிக்கலையாடா?”

“பிடிக்கும்ப்பா. ஆனா தாத்தா மண்டகப்படிக்கு நான்தான் தட்டு தூக்கணும். அன்னிக்கும் நான் வரல. இப்பவும் வரலைன்னா தாத்தா என்ன நெனைப்பாரு?”

“அதுக்கு எதுக்கு காப்பெல்லாம்? அப்பாகிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா விட்டிருக்க மாட்டீங்களே.”

அவன் மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் கயிற்றைச் சரியாகப் பார்த்தான். மஞ்சள் காய்ந்து சுருங்கி, நூல் வெளுத்துப் போயிருந்தது.

“என்னடா இது, நேத்து கட்டினது மாதிரியே இல்லையே? பூசாரி இதையா கட்டிவிட்டாரு?”

அம்மா வருகிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தமிழ்மொழி அவன் காதருகே மெல்லச் சொன்னாள்.

“பூசாரி கட்டலப்பா. எறையூர்ல திருவிழாவே நடக்காதப்ப, என்னை அம்மாகிட்ட அனுப்பாம இருக்க நீங்க கட்டிவிட்டீங்களே, அதே கயிறுதான். அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல.”